காதெலும்பில் எள்ளளவு ஓட்டை

கண்ணை உருட்டினால் காதில் சத்தம் கேட்கிறது என்று நான் முதன்முதலாகச் சொன்னபோது எங்கள் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. இடது பக்கம் பார்த்தால் ஒரு இழுப்பு, வலது பக்கம் பார்த்தால் ஒரு இழுப்பு, ஈரக் கண்ணாடியை விரலால் தேய்க்கிற மாதிரி. விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் வரிக்கு வரி இந்தச் சத்தம்தான். சரவணம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறவள் நான். சோதித்துப் பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள் என்று பிள்ளைகளிடம் ஓதி ஓதியே பாதி ஆயுளைக் கழித்தவள். அப்படிப்பட்டவளுக்குத் தன் கண்விழி நகர்வது தன் காதிலேயே கேட்டால் அதை எந்த முகத்தை வைத்துக்கொண்டு வெளியே சொல்வது?

கண்ணோடு நிற்கவில்லை. வீட்டில் வெறுங்காலோடு நடந்தால் குதிகால் தரையில் படுகிற சத்தம் வலது காதுக்குள் திம் திம் என்று விழுந்தது. எனக்கு ஓரடி பின்னால் யாரோ வருகிறார்கள் என்றே தோன்றும். திரும்பிப் பார்ப்பேன். திரும்பிய வேகத்துக்குக் கூடம் கொஞ்சம் சாய்ந்து நிமிரும். யாரும் இருக்க மாட்டார்கள். படுத்தால் இதயம் அடிப்பது தலையணைக்குள் கேட்டது. பாடம் எடுக்கையில் என் குரலே குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல எனக்குத் திரும்பி வந்தது. அதற்குப் பயந்து மெதுவாகப் பேச ஆரம்பித்தேன். கடைசி பெஞ்சுப் பையன்கள் "கேக்கலீங்க மிஸ்" என்றார்கள். வழக்கமாக அதற்கெல்லாம் கவலைப்படுகிற ஆட்கள் இல்லை அவர்கள்.

தலைசுற்றல் அதற்குப் பிறகு வந்தது. குக்கர் விசில், பஸ் ஹாரன், பள்ளிக்கூட மணி, எது பலமாக அடித்தாலும் எதிரே இருக்கிற சுவர் ஒரு பக்கமாக எழும்பி இறங்கும். மூக்கைச் சிந்தினாலும் அப்படித்தான். பசியில் வருகிற கிறுகிறுப்பு வேறு, இது வேறு. கிறுகிறுப்பில் கண் இருட்டும், நாம் மங்கிப்போவோம். இதில் நான் தெளிவாகவே இருந்தேன், தரைதான் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சிரித்த மனுஷன் இதைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டார். கேட் கொண்டியில் பழைய துணியைச் சுற்றினார். பைக்கைத் தெருமுனையிலேயே அணைத்து வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தார். குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டுப் பாத்திரத்தில் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டார். வாயால் ஆறுதல் சொல்ல அவருக்கு வராது.

வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. பித்தம் என்றார்கள், இஞ்சிச் சாறு குடித்தேன். ரத்தம் கம்மி என்றார்கள், பேரீச்சம்பழம் தின்றேன். கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்று ஒருவர் சொல்ல, கழுத்துக்குப் பட்டை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். காதுக்குள் பொடிக்கல் இடம் மாறியிருக்கும் என்று இன்னொருவர் கட்டிலில் படுக்கவைத்துத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டார். அது நல்ல வைத்தியம், நிறையப் பேருக்குப் படுத்த இடத்திலேயே குணமாகிறது. எனக்கு இருந்தது அந்த வியாதி இல்லை. கடைசியில் ஒருவர் மனசுக்கு மாத்திரை எழுதினார். கண் நகர்வது காதில் கேட்கிறது என்பவளுக்கு வேறு என்ன எழுதுவார், பாவம்.

இதற்கு நடுவில் ஊரில் நடந்ததைச் சொல்லாமல் இந்த வியாதியைச் சொல்ல முடியாது.

எங்கள் வீட்டுக்காரரின் அக்கா சரஸ்வதி. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பவானிக்குப் பக்கத்தில் மஞ்சளும் கரும்பும் வைக்கிற குடும்பம். ஒரே மகன் நவீன். ஒரு பெண் விஷயமாக அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சு முற்றி, ஆட்கள் பார்க்க அப்பா கன்னத்தில் அறைந்துவிட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போன பையன் திரும்பவில்லை. போன் அன்றைக்கே அணைந்துவிட்டது. திருப்பூர், பெங்களூரு என்று தேடாத இடமில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். அவன் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு போலீசிலிருந்து கூப்பிட்டார்கள். அவன் காணாமல் போன சமயத்தில் ரயில்பாதை ஓரம் ஒரு உடல் கிடைத்திருக்கிறது. முகம் அடையாளம் தெரிகிற நிலையில் இல்லை. வயதும் உயரமும் ஒத்துப்போகிறது. நகராட்சியே அடக்கம் செய்துவிட்டது, ஆனால் பல்லும் எலும்பும் எடுத்து வைத்திருக்கிறார்கள். பெற்றவள் ரத்தம் கொடுத்தால் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

வீட்டில் எல்லாரும் கொடுத்துவிடு என்றார்கள். அண்ணி நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தார். வயலில் வேலை என்பார், காய்ச்சல் என்பார். நானும் போன் போட்டு எடுத்துச் சொன்னேன், படித்தவள் அல்லவா. "பாக்கலாம் கண்ணு" என்று வைத்துவிடுவார்.

அந்த நேரத்தில்தான் ஊரில் மாரியம்மன் பொங்கல் வந்தது. சத்தத்துக்குப் பயந்து நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வருகிறார்கள், அண்ணி தனியாக நிற்பார் என்றார் வீட்டுக்காரர். போனேன். சாயங்காலம் மாவிளக்குத் தட்டோடு கோயிலுக்கு நடந்தோம். முன்னால் ஜமாப் போனது. வயிறு உயரத்துக்கு மேளத்தைக் கட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து பையன்கள் ஒரே அடியாக அடிப்பார்கள், நல்ல காது உள்ளவர்களுக்கே நெஞ்சு அதிரும். கோயில் வாசலில் கூட்டம் நெருக்கி, மதிலுக்கும் மேளத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

முதல் அடிக்குக் கோபுரம் எழும்பியது. அடுத்த அடிக்குக் கூட்டமே ஒரு பக்கம் சரிந்தது. என் கண்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. அடிக்கு அடி தலை குனிந்து நிமிர்ந்தது, நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. தட்டு கைநழுவியது. விழுந்துவிடுவேன் என்ற பயத்தில் பக்கத்தில் இருந்த ஒரு கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஆத்தா வந்துபோட்டா! ஆத்தா வந்துபோட்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

எங்கள் பக்கம் ஒருவர்மேல் சாமி வந்தால் மேளத்தை நிறுத்த மாட்டார்கள். இன்னும் நெருங்கி வந்து, இன்னும் வேகமாக அடிப்பார்கள். பையன்கள் அதைத்தான் செய்தார்கள். நிறுத்துங்கள் என்று கத்தினேன், அந்தச் சத்தத்தில் அது யாருக்கும் தமிழாகக் கேட்கவில்லை. மஞ்சள் தண்ணீரைக் குடத்தோடு என் தலையில் ஊற்றினார்கள். நான் பிடித்திருந்த கை அண்ணியுடையது. அவர் என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக் கேட்டார்.

"எம்பையன் வருவானா தாயே? வருவானா? சொல்லு, வருவானா?"

மேளம் அடித்தது. என் தலை ஆடியது. ஆமாம், ஆமாம், ஆமாம் என்று ஊரே பார்க்க ஆடியது.

பிறகு ஒரு வீட்டில் படுக்க வைத்தார்கள். வாந்தி எடுத்து ஓய்ந்ததும் எழுந்து உட்கார்ந்து, இது சாமி இல்லை, எனக்குக் காதில் ஏதோ கோளாறு என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். எல்லாரும் கனிவாகச் சிரித்தார்கள். "சாமி வந்தவிங்களுக்கு ஒண்ணும் நெனப்பிருக்காதுங்க" என்றார் ஒரு அம்மா, என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு. நான் மறுக்க மறுக்க அது இன்னும் உறுதியாகிக்கொண்டே போனது. அண்ணி மறுநாளே சொல்லிவிட்டார். ஆத்தாளே சொல்லிப்போட்டா, இனி ரத்தம் கித்தம் என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மகன் அறையைக் கழுவி, கட்டிலுக்குப் புது ஜமக்காளம் விரித்தாராம். கேட்டைப் பூட்டுவதில்லையாம்.

எங்கள் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை கோழி எடுப்பதை நிறுத்திவிட்டார். ஒருநாள் சாமியிடம் குறி கேட்கிற மாதிரி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கோகிலா, பக்கத்துக் கடை காலியாவுது. எடுக்கட்டுமா?" இவருக்குச் சரவணம்பட்டியில் பெயிண்டுக் கடை. நான் முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று ஒரு தாய்க்குத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை என் தலை அடைத்துவிட்டது. அந்த நினைப்பு ஒட்டிக்கொண்ட பிறகு, வீட்டில் என் பின்னால் கேட்ட காலடிகளுக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டான். சமையலறையிலிருந்து கூடத்துக்கு நடந்தால் நவீன் பின்னாலேயே வந்தான். நான் நின்றால் நின்றான். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இருந்தும் பட்டப்பகலில் எல்லா அறையிலும் விளக்கைப் போட்டுவைத்தேன்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு காது டாக்டர், கேட்கிற திறனைச் சோதித்த படத்தைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். இது தன்னால் ஆகாது என்று நேர்மையாகச் சொல்லி, அவிநாசி ரோட்டில் தலைசுற்றலுக்கென்றே தனிப்பிரிவு வைத்திருக்கிற ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அந்தக் காத்திருக்கும் கூடத்தில் எல்லாரும் எதையாவது பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலிக் கை, மனைவியின் தோள், சுவர். யாரும் சட்டென்று திரும்பிப் பார்க்கவில்லை. பெயர் கூப்பிட்டால் முதலில் கண், அப்புறம் தலை, அப்புறம் உடம்பு என்று பாகம் பாகமாக எழுந்தார்கள். எனக்கு ஊருக்குத் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

டாக்டர் சின்னப் பெண், என் பழைய மாணவிகளின் வயசுதான் இருக்கும். நான் பத்து வாக்கியம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அதற்குள் அவரே கேட்டார்.

"இருமினா, முக்கினா சுத்துதுங்களா?"

"ஆமாங்க."

"பலமா சத்தம் கேட்டா?"

"ஆமாங்க."

"கண்ணு அசையறது காதுல கேக்குதுங்களா?"

நான் அழுதுவிட்டேன். ஒன்றரை வருடமாக ஒருத்தரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. டாக்டர் டிஷ்யூ பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டு, மேசையிலிருந்து இசைக்கவையை எடுத்தார். நாங்கள் பள்ளியில் ஒலிப் பாடத்துக்கு வைத்திருக்கிற அதே இரண்டு பல் கவைதான். அதைத் தட்டி என் காதருகே கொண்டுவருவார் என்று நினைத்தேன். குனிந்து என் கணுக்கால் எலும்பில் வைத்தார்.

"எங்க தெரியுது?"

காலில் வைத்தது வலது காதில் ரீங்காரமாகக் கேட்டது.

"காதுலங்க" என்றேன்.

"அதான்" என்றார் அவர். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போனது. கண்டுபிடித்தவர்களுக்கு வருகிற சந்தோஷம், நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து வரிசையாகச் சோதனைகள். கழுத்தில் ஒயர் ஒட்டி, படுத்தபடி தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, காதில் டக் டக்கென்று சத்தம் கொடுத்தார்கள். அந்தச் சத்தத்துக்குக் கழுத்துத் தசை எவ்வளவு துள்ளுகிறது என்று பார்ப்பது அது. பிறகு உள்ளே கேமரா வைத்த கறுப்புக் கண்ணாடியை மாட்டி, இருட்டாக்கி, வலது காதில் தாழ்ந்த சுருதியில் ஒரு ஒலியை ஏற்றினார்கள். உலகம் சாய்ந்தது. பார்க்க ஒன்றும் இல்லாத இருட்டே சாய்ந்தது. முடிந்ததும் டாக்டர் பதிவைப் போட்டுக் காட்டினார். திரை நிறைய என் இரண்டு கண்கள். ஒலி வந்ததும் கருவிழிகள் இரண்டும் மெல்லச் சுழன்று ஒரு பக்கமாக ஏறின, வெடுக்கென்று இறங்கின, மறுபடி ஏறின. அந்தக் கண்களில் நான் இல்லை. அண்ணி அன்றைக்கு இதை நேருக்கு நேர் பார்த்திருக்கிறார்.

"இப்படி இருக்கும்போது தலையும் ஆடுமாங்க டாக்டர்?"

"சத்தத்துக்குத் தகுந்த மாதிரி ஆடலாம்ங்க. உங்களால நிறுத்த முடியாது."

அந்தப் பதிவை என் போனில் வாங்கிக்கொண்டேன்.

ஸ்கேன் எடுத்த பிறகு விளக்கமாகச் சொன்னார்கள். நம் காதுக்கு உள்ளே மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே நீர். கொத்தனார் வைத்துப் பார்க்கிற ரசமட்டம் போல, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்வது அந்த நீர்தான். குழாய்களைச் சுற்றிக் கெட்டியான எலும்பு மூடியிருக்கும். எனக்கு வலது காதில், மேலே இருக்கும் குழாயின் கூரையில் அந்த எலும்பு இல்லை. எள்ளளவு ஓட்டை. பிறவியிலேயே மெல்லிசாக இருந்து பின்னால் திறந்திருக்கலாம் என்றார்கள். பலமான சத்தம் உள்ளே நுழைந்தால் அந்த ஓட்டை இருப்பதால் குழாய் நீர் தள்ளப்படுகிறது. தலை திரும்பாமலே திரும்பியதாக மூளை நினைத்துக் கண்ணைச் சுழற்றுகிறது. உடம்புக்குள் உண்டாகிற சத்தமும் அதே ஓட்டையால் பெருத்துக் கேட்கிறது. காதுக்குப் பின்னால் திறந்து, எலும்புத் தூளும் என் சொந்தத் தசைத்துண்டும் வைத்து அடைக்கலாம். அந்தக் குழாய் அதோடு வேலையை நிறுத்திவிடும், மற்றவை பழகிக்கொள்ளும்வரை தள்ளாட்டம் இருக்கும். காது கேட்காமல் போகிற ஆபத்து கொஞ்சம் உண்டு. ஓட்டைக்கு அந்தப் பக்கம் மூளையின் உறை.

எங்கள் வீட்டுக்காரர் ஸ்கேன் படத்தையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப ஆத்தா வர்லீங்களா?" என்றார். கேட்டது டாக்டரிடம்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வீட்டுக்காரரை வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். கேன்டீனில் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அக்காகிட்டச் சொல்லிப்போடாத கோகிலா. அந்த ஒரு தலையாட்டல்லதான் அவ சோறு திங்கறா."

ஆபரேஷனுக்குத் துணையாக இருக்க அண்ணிதான் வந்தார். வேறு யாரையும் விடவில்லை. மூன்று அடுக்குத் தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சோறும் தயிரும் கட்டிக்கொண்டு, தலையணையும் கையுமாக ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். எனக்குத் தலை வாரிவிட்டார். பாத்ரூமுக்குத் தோளைப் பிடித்துக் கூட்டிப்போனார். சுவரைப் பார்த்துக்கொண்டே நட, தரையைப் பார்க்காதே என்று நர்சு எனக்குச் சொன்னதை இவர் நர்சுக்கே திருப்பிச் சொல்லிக்கொடுத்தார். காலையில் நான் கண் திறப்பதற்குள் என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். தூங்குகிற மாதிரி படுத்திருப்பேன். அந்தத் தொடுகை கூசியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தால் அதே காலடி பின்னால் வந்தது. அது என் குதிகால்தான், எள்ளளவு ஓட்டைதான் என்று இப்போது படத்தோடு தெரியும். தெரிந்தும் திரும்பிப் பார்த்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் மேசைக்குப் போயிருந்தார், அவருக்கு அங்கேதான் குடியிருப்பு. எனக்கு ஒரே பயம். செத்துப்போவேன் என்பதைவிட, இதைச் சொல்லாமல் செத்துப்போனால் என் தலையாட்டல் அப்படியே கல்வெட்டாக நின்றுவிடுமே என்ற பயம். போனை எடுத்து அந்தப் பதிவைப் போட்டு அண்ணி கையில் கொடுத்தேன்.

"இது என் கண்ணுங்க அண்ணி. ஒரு சத்தம் வெச்சாங்க, இப்படிச் சுத்துச்சு. தலையும் இதே மாதிரிதான் தானா ஆடும். அன்னைக்கு ஆத்தா வரலீங்க. மேளம் அடிச்சுச்சு, என் தலை ஆடுச்சு. அவ்வளவுதானுங்க."

அண்ணி பதிவை முழுக்கப் பார்த்தார். முடிந்ததும் இன்னொரு தடவை பார்த்தார்.

"தெரியுங் கண்ணு" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"சாமி வந்தவ ஆரு கையையும் புடிக்க மாட்டா. நீ எங்கையை எப்புடிப் புடிச்சிருந்தே தெரியுமா? நகம் பதிஞ்சு போச்சு. பயந்து கெடந்தே நீ."

"அப்புறம் ஏனுங்க அண்ணி?"

அவர் போனைத் துடைத்து என் கட்டிலில் வைத்தார். "ரத்தம் குடு குடுன்னு வூடே நின்னு கேட்டுச்சு. குடுத்துப்போட்டா ஒரு பதில் வந்துருமே கண்ணு. வேண்டாம்னு சொல்ல எனக்கு ஒரு வார்த்தை வேணும். எம்பேச்சை ஆரு கேக்கறா? நீ தலையாட்டுனே. நான் புடிச்சுட்டேன்."

"அப்ப தெனமும் என் காலத் தொடறது?"

"தொட்டுத் தொட்டுப் பாத்தேன். ஒருவேளை நெசமா இருந்தா?"

இத்தனை நாள் அவரை ஏமாற்றிவிட்டேன் என்று நான் கருகிக்கொண்டிருந்தேன். அவர் எல்லாம் தெரிந்தே தன்னைத்தானே பிடித்து நிறுத்தி வைத்திருந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. அது போனபிறகு அழுகை வந்தது. அழுதால் காதில் அடைத்துச் சுற்றும் என்று அவர்தான் என் மூக்கை மெல்லத் துடைத்துவிட்டார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது கூரை சுற்றிக்கொண்டிருந்தது. இது வேறு சுற்றல், நிற்காத சுற்றல். தலையைத் தலையணையில் அசைத்தாலே வாந்தி. இப்படித்தான் இருக்கும், மூளை புதுக்கணக்குப் பழகுகிறது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் பொறுத்துக்கொண்டேன். இதே ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, அந்த முதல் வாரத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சுற்றுகிறதே என்று படுத்தே கிடக்கவும் கூடாது. கட்டைவிரலைப் பார்த்தபடி தலையை ஆட்டுவது, ஒருவர் துணையோடு நேர்க்கோட்டில் நடப்பது என்று பயிற்சி கொடுப்பார்கள், அதுதான் மருந்து. காதுக்கட்டு அவிழ்த்த பிறகு ஒருநாள் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை இடது பக்கம் ஓட்டினேன். வலது பக்கம் ஓட்டினேன். சத்தமே இல்லை. எழுந்து நடந்தேன், பின்னால் யாரும் வரவில்லை. அந்த வெறுமையில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

அண்ணி ஊருக்குப் போகாமல் எங்கள் வீட்டிலேயே இருந்தார். "எப்ப நல்லா நடப்பே?" என்று தினமும் கேட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "நீ கூட வந்தாத்தான் ரத்தம் குடுப்பேன்" என்றார்.

போனோம். போலீஸ்காரர் ஒருவர் முன்னால் போக, கவர்மென்ட் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் தள்ளாடித் தள்ளாடி நடந்தேன். அண்ணி என்னை அணைத்துப் பிடித்திருந்தார். ரத்தம் எடுக்கிற பெண் என்னைத்தான் நாற்காலியில் உட்காரச் சொன்னாள். "நானில்லீங்க, இவிங்க" என்றேன். அண்ணி புடவைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினார். ஊசி ஏறும்போது வேறு பக்கம் பார்க்கவில்லை, குழாயில் ரத்தம் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதில் வரப் பல மாதங்கள் ஆயின. பொருந்தவில்லை. அந்த உடல் நவீன் இல்லை.

ஊர் கொண்டாடித் தீர்த்துவிட்டது. ஆத்தா வாக்கு பொய்க்குமா என்றார்கள். சரவணம்பட்டி வரைக்கும் எலுமிச்சம்பழமும் பூவுமாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். காதுக்குப் பின்னால் இருக்கிற தழும்பைக் காட்டினேன், ஸ்கேன் படத்தைக் காட்டினேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரு அம்மா அந்தப் படத்தையே தொட்டுக் கும்பிட்டார். வீட்டுக்காரர் கேட்டைச் சாத்திவைக்கப் பழகிக்கொண்டார்.

அண்ணியிடமிருந்து மட்டும் சத்தமே இல்லை. சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்துப் போன் செய்தார்.

"கோகிலா, அப்ப அது ஆரு பெத்தது?"

ரயில்பாதை ஓரம் கிடைத்த அந்த உடலைக் கேட்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆனது.

"அத்தனை நாளும் அவன்னு நெனச்சுட்டு உள்ளுக்குள்ளயே அழுதுட்டு இருந்தனே கண்ணு. இப்ப அவன் இல்லைங்கறாங்க. அதுக்காவ சும்மா உட்டுட முடியுமா? எங்க பொதைச்சாங்கன்னு கேளு."

எங்கள் பக்கம் பெண்கள் மயானத்துக்குப் போகிற வழக்கமில்லை. அண்ணியின் வீட்டுக்காரர் துணைக்கு வரவில்லை, எங்கள் வீட்டுக்காரர்தான் வாடகைக்கு ஒரு காரை எடுத்தார். அந்த ஊர் நகராட்சி மயானத்தில் காவலுக்கு இருந்தவர் காம்பவுண்டுச் சுவரோரம் புல் மண்டிய ஒரு நீளத் துண்டைக் காட்டினார். "பேர் தெரியாததெல்லாம் இந்தப் பக்கமுங்க. எது எங்கன்னு சொல்ல முடியாது." எங்கள் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டார். மேடுபள்ளமான தரை எனக்கு இன்னும் கஷ்டம். அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவர் தூக்குப்போசியில் பால் கொண்டுவந்திருந்தார். எது என்று தெரியாததால் சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே போனார். முனைக்கு நாலடி முன்பே பால் தீர்ந்துவிட்டது. போசியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து அலசி, அதை அந்த நாலடிக்கும் ஊற்றினார்.

"இவனைப் பெத்தவகிட்ட ஆரு தலையாட்டி வெச்சிருக்காங்களோ" என்றார்.

காருக்குத் திரும்புகிற வழியில் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேற எந்த ஊர்ல இருந்து கூப்புட்டாலும் சொல்லச் சொல்லு போலீசுல. ரத்தம் குடுக்க நான் வாரேன்."

சரிங்க அண்ணி என்றேன்.